சுவரும் சமுதாயமும்: வில்லியம் மொறிஸின் இல்ல அலங்கார ஈடுபாடும் இலக்கிய வாழ்வும்

வில்லியம் மொறிஸ் (1834–1896) பற்றி எழுந்த நூல்களை ஒருசேர நோக்குவோர், அங்கு ஒரு விசித்திரமான பாகப்பிரிவினை நடந்திருப்பதைக் காண்பர். ஆங்கிலக் கவிதை வரலாற்றாசிரியர்கள் 'மண்ணுலகச் சொர்க்கம்' என்னும் கதைப்பாடற் பெருந்தொகுதியை இயற்றிய கவிஞரைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். அலங்காரக் கலைகளின் வரலாற்றை எழுதுவோருக்குச் சுவர்த்தாளும் சீத்தைத் துணியும் கம்பளமும் வரைந்த கைவினைஞர் போதுமானவராயினார். மார்க்சியர்களோ 'எங்குமில்லா ஊரிலிருந்து செய்திகள்' என்ற கற்பனாபுரி நாவலை எழுதிய சோஷலிசவாதியைப் போற்றினர். ஒவ்வொரு சாராரும் மற்றைய இருசாராரின் பங்கையிட்டுச் சற்றுக் கூச்சமடைந்தவராகவே காணப்படுகின்றனர். 1899இல் மக்கேல் எழுதிய வாழ்க்கை வரலாறு மொறிஸின் அரசியலின் கூர்மையைப் பெரிதும் மழுக்கியே காட்டிற்று. அதனை மறுத்து 1934இல் பேஜ் ஆர்னொற் எழுதிய சிறு நூலும், 1955இல் ஈ. பி. தொம்சன் எழுதிய பெரு நூலும் புரட்சிவாதியான மொறிஸை மீட்டுத் தந்தன. ஆயினும் அவ்வழி வந்த எழுத்துக்கள் பலவற்றில் இல்ல அலங்காரம் என்பது மொறிஸ் கடந்து வந்த ஒரு படியாக, வளர்ந்தபின் கழற்றி வைத்த சிறுபிள்ளைச் சட்டையாக ஆகிவிட்டது.

அவர் அதனைக் கழற்றவில்லை என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது. வாழும் அறையை அழகுபடுத்த வேண்டும் என்ற ஆசை சிறுவயதிலேயே அவரைப் பற்றிக்கொண்டது; இறக்கும்வரை விடவில்லை. அவரது கவிதையின் பலவீனத்துக்கும், உரைநடையின் பலத்துக்கும், மார்க்சியத்திற்கு அவர் வந்த தனிவழிக்கும், அந்த மார்க்சியத்திற் காணப்படும் சில போதாமைகளுக்கும் இவ்வீடுபாட்டையே முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஈழத்து முற்போக்கு இலக்கிய வட்டங்களில் 1960களிலும் 1970களிலும் உருவம்–உள்ளடக்கம் பற்றி நடந்த விவாதங்களை அறிந்தோருக்கு இதன் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. அழகு பற்றிய அக்கறை என்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்று ஒரு சாராரும், சமூக நோக்கு என்பது அழகுணர்ச்சி அற்றவனின் புகலிடம் என்று மறு சாராரும் கூறிவந்த அந்த விவாதத்தில், மொறிஸ் இரு சாராருக்கும் வசதியற்ற ஒரு சாட்சியாவார்.

முதலில் மூலதனத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். மொறிஸின் தந்தை இலண்டன் நகரில் உண்டியல் தரகு செய்தவர். டெவன் பகுதியில் 1844இல் செம்புச் சுரங்கமொன்று திறக்கப்பட்டபோது அதன் 1,024 பங்குகளில் 272 பங்குகள் இக்குடும்பத்தின் கைக்கு வந்தன. ஒரு பவுணுக்கு வழங்கப்பட்ட பங்கு சிறிது காலத்துள் 800 பவுண்வரை உயர்ந்தது. 21 வயதை அடைந்தபோது மொறிஸுக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 900 பவுண் வருமானம் கிடைத்தது. சம்பளத்துக்கு வேலை தேட வேண்டிய அவசியமின்றி ஒக்ஸ்போர்ட்டில் கவிதை எழுதவும், கட்டடக் கலைஞர் ஸ்றீற்றின் அலுவலகத்திற் சில மாதங்கள் பயிலவும், பின்னர் ஓவியனாக முயலவும் அவரால் முடிந்தமைக்கு இதுவே காரணம். இதே சுரங்கம் பிற்காலத்திற் செம்பு குறைந்து ஆசனிக் என்னும் நஞ்சின் பெரும் உற்பத்தி நிலையமாயிற்று. 1871 முதல் சில ஆண்டுகள் மொறிஸ் அதன் பணிப்பாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். அக்காலச் சுவர்த்தாள்களின் பச்சை வர்ணத்தில் ஆசனிக் சேர்ந்திருந்தது. மொறிஸ் 1862இல் வரைந்த 'கொடிப்பந்தல்' என்னும் சுவர்த்தாளின் பழைய மாதிரியொன்றிலும் அது இருந்தமை 2003இல் வெளியான இரசாயனப் பகுப்பாய்வொன்றிற் காட்டப்பட்டது. நஞ்சு பற்றிய பொதுமக்களின் அச்சத்தை 1885இல் எழுதிய கடிதமொன்றில் அவர் மருத்துவர்கள் கிளப்பிவிட்ட வீண்பீதி என்று ஒதுக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் சோஷலிச இயக்கத்திற் சேர்ந்திருந்தார் என்பது நோக்கத்தக்கது. சுவரின் அழகுக்குப் பின்னால் நிற்கும் உழைப்பை அவர்போல் ஊன்றி நோக்கிய கலைஞர் அக்காலத்திற் சிலரே. அவ்வாறிருந்தும், தம் சொந்தச் சுவரின் பச்சைக்குப் பின்னால் நின்ற சுரங்கத் தொழிலாளியை அவர் ஒருபோதும் முழுமையாகக் கண்டதாகத் தெரியவில்லை.

இனி அந்த ஈடுபாட்டின் தொடக்கத்துக்கு வருவோம். 1882இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் மொறிஸ் தம் இளமை நினைவொன்றைக் கூறுகின்றார். எப்பிங் காட்டின் ஓரத்திலுள்ள எலிசபெத் அரசியின் வேட்டை மாளிகையில், இலைதழைகள் நெய்யப்பட்ட பழைய திரைச்சீலைகள் நிறம் மங்கித் தொங்கிய ஓர் அறையைச் சிறுவனாக அவர் கண்டார். அவ்வறை தந்த மன அதிர்வு வாழ்நாள் முழுவதும் தம்மை விட்டு அகலவில்லை என்கின்றார். இந்த மங்கிய திரைச்சீலையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. நாவலின் இறுதிப் பகுதியில் அதனை மீண்டும் சந்திக்க நேரிடும்.

1859இல் மொறிஸ், ஒக்ஸ்போர்ட்டில் குதிரை லாயமொன்றிற் பணிபுரிந்தவரின் மகளான ஜேன் பேர்டனை மணந்தார். அவர்களுக்கென நண்பர் பிலிப் வெப் கென்ற் பகுதியிற் கட்டிய வீடே 'சிவப்பு இல்லம்' எனப் புகழ்பெற்றது. வீடு எழும்பியபின் அதற்கேற்ற கதிரையோ மேசையோ திரையோ இலண்டன் கடைகளிற் கிடைக்கவில்லை. கிடைத்தவையெல்லாம் இயந்திரத்தால் வார்த்துப் பூசி மெழுகப்பட்ட போலிப் பகட்டுப் பொருள்கள். ஆகவே நண்பர்கள் கூடித் தாமே செய்தனர். பேர்ண்-ஜோன்ஸ் சுவரில் ஓவியம் தீட்டினார். வெப் மேசைகளும் விளக்குத் தாங்கிகளும் வரைந்தார். ஜேன் முரட்டு நீலக் கம்பளித் துணியில் வெண்பூக்களைத் தைத்தார். இக்கூட்டு உழைப்பிலிருந்தே 1861இல் 'மொறிஸ், மார்ஷல், போக்னர் அன் கொம்பனி' பிறந்தது. ஜேன் தைத்த அந்த வெண்பூத் திரையின் வடிவமே 1864இல் 'டெய்ஸி' என்னும் சுவர்த்தாளாக அச்சேறிப் பல ஆண்டுகள் விலைபோயிற்று. கொம்பனியின் பெயரில் ஜேனுக்கு இடமிருக்கவில்லை.

சந்தையில் நல்ல பொருள் இல்லை. ஆதலால் நாமே செய்வோம் என்ற இந்த எளிய முடிவிலேயே மொறிஸின் பின்னாளைய அரசியலின் முதல் வினா அடங்கியிருந்தது. சந்தையில் ஏன் நல்ல பொருள் இல்லை? அவ்வினாவுக்கு றஸ்கின் 1853இல் ஒரு விடை தந்திருந்தார். 'வெனிஸ் நகரின் கற்கள்' என்னும் நூலில் கொதிக் கட்டடக்கலை பற்றி அவர் எழுதிய அத்தியாயம், ஒரு கட்டடத்தின் அழகை அதனைக் கட்டிய தொழிலாளி அநுபவித்த சுதந்திரத்தோடு இணைத்துக் காட்டியது. மொறிஸ் அதனை மாணவனாகப் படித்தார். நாற்பது ஆண்டுகளின் பின் தம் சொந்த அச்சகத்தில் மீண்டும் அச்சிட்டார். ஆனால் றஸ்கினின் விடை அறநெறி சார்ந்தது. மொறிஸை அதற்கப்பால் இட்டுச் சென்றது நூலறிவு அன்று, சாயத்தொட்டி.

இதைக் கூறுமுன் அவரது கவிதை பற்றி ஓரிரு வார்த்தைகள். 1868 தொடக்கம் 1870 வரை வெளிவந்த 'மண்ணுலகச் சொர்க்கம்' 24 கதைகளைக் கொண்டது. மாதத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பகிர்ந்து வைக்கப்பட்டது. நடுத்தர வர்க்க வாசகர் அதனை விரும்பிப் படித்தனர். அது ஏன் இன்று படிக்கப்படுவதில்லை என்பதற்கு, அது ஒரு சுவர்த்தாள் என்பதே என் விடை. சுவர்த்தாள் வரைபவன் ஆழத்தைத் தவிர்க்கிறான். அவன் வரையும் பூ சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது. நிழல்விழுந்து புடைத்துக்கொண்டு வெளியேயும் வரக்கூடாது. உருவமும் பின்புலமும் ஒரே தளத்தில் நிற்க, அலகு மீண்டும் மீண்டும் வர, கண் எங்கும் தரித்து நில்லாமல் ஓட வேண்டும். பகட்டான போலித் தத்ரூபச் சுவர்த்தாள்கள் மலிந்திருந்த காலத்தில் இந்நெறியை நிலைநாட்டியமை மொறிஸின் பெருஞ்சாதனை. அதே நெறியை மனித மனத்தின் மீது பிரயோகித்தபோது விளைவு வேறாயிற்று. காதலும் சாவும் பூவும் கொடியும்போல் ஒரே தளத்தில் நிற்கின்றன. எந்தப் பாத்திரமும் நம்மைத் தடுத்து நிறுத்துவதில்லை. தொழிற்புகை மூடிய நிகழ்காலத்தை மறக்கும்படி வாசகரை அழைத்துத் தொடங்கும் அத்தொகுதி, அவ்வழைப்புக்கு உண்மையாகவே நடந்துகொள்கின்றது, குறை அங்கேதான். தறியில் இருந்தபடி காவியம் கட்டத் தெரியாதவன் கவிதைத் தொழிலை விட்டுவிடலாம் என்ற கருத்துப்பட மொறிஸ் கூறியதாகச் சொல்வர். தறியின் தாளத்துக்கு ஓடும் கவிதைக்குத் தறியின் குறையும் உண்டு என்பதை அவர் எண்ணவில்லைப் போலும்.

1870களின் நடுப்பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. 1875இல் கொம்பனி மொறிஸின் தனிப்பொறுப்பில் வந்தது. அதே ஆண்டில் அவர் ஸ்ரபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள லீக் என்னும் ஊருக்குச் சென்று, தோமஸ் வார்டிலின் சாயச்சாலையில் தொழிலாளர் அணியும் மரக்கட்டைச் சப்பாத்துடன் தொட்டிகளின் அருகே நின்றார். நிலக்கரித் தாரிலிருந்து வடித்த புதிய செயற்கைச் சாயங்கள் கண்ணைப் பறித்துச் சில காலத்தில் அசிங்கமாக வெளிறின. அவர் அவற்றை வெறுத்தார். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் வேண்டினார். பழைய மூலிகை நூல்களைப் புரட்டியும், கைவிடப்பட்ட செய்முறைகளை மீட்டும், மாதக்கணக்கிற் பரிசோதித்தார். கைகள் நீலம்பாரித்துக் கிடந்தன. 1879இல் தம் படுக்கையறையிலேயே தறியொன்றை நிறுத்தி, பழைய பிரெஞ்சுக் கைந்நூலொன்றின் துணையுடன் சித்திர நெசவைத் தாமே கற்றார். முதலாவது சீலையை நெய்து முடிக்க 500 மணித்தியாலங்களுக்கு மேற் சென்றதென்று குறித்து வைத்திருக்கின்றார்.

இந்தக் கணக்கு சாதாரணமானதன்று. செல்வக் குடும்பத்திற் பிறந்த ஒரு கவிஞர், ஒரு பொருளில் உறைந்து கிடக்கும் உழைப்பு நேரத்தைத் தம் உடலாலேயே அளந்து பார்க்கின்றார். 'மூலதனம்' நூலை அவர் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் 1883இற் படித்தபோது, அதன் வரலாற்றுப் பகுதிகள் உவந்ததாகவும் பொருளியற் பகுதிகள் தலையைக் குழப்பியதாகவும் அவரே ஒப்புக்கொண்டார். இதனைச் சுட்டி அவரது மார்க்சியம் மேலோட்டமானது என்போர் உளர். பெறுமதிக் கோட்பாட்டின் சூத்திரங்கள் அவருக்குச் சிரமமாக இருந்திருக்கலாம். சூத்திரம் குறிக்கும் பொருள் அவரது விரல் நகங்களில் ஏற்கெனவே சாயமாகப் படிந்திருந்தது. உழைப்பின் அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் படிகள் 1932இலேயே வெளியாயின. மொறிஸ் அவற்றைக் கண்டிருக்க முடியாது. அவ்வாறிருந்தும் 'பயனுள்ள வேலையும் பயனற்ற உழைப்பும்' என்ற 1884ஆம் ஆண்டுச் சொற்பொழிவில், செய்பவனுக்கு இன்பம் தராத உழைப்பே சமுதாயத்தின் அடிப்படை நோய் என்னும் முடிவுக்கு அவர் தம் வழியிலேயே வந்து சேர்ந்தார். (அவர் படித்துப் படித்துக் குலைந்துபோன 'மூலதனம்' பிரதியை நண்பர் கொப்டன்-சான்டர்சன் பொன்வேலைப்பாடுடைய தோலட்டையிட்டுக் கட்டிக் கொடுத்தார். இதைக் கேட்டு நகைக்கும் தோழர்கள் இருக்கலாம். மொறிஸுக்கு அதில் முரண்பாடு எதுவும் தோன்றியிராது.)

அலங்காரம் அரசியலாகிய இடம் 1877 டிசம்பரில் நிகழ்த்திய முதற் பொதுச் சொற்பொழிவில் தெளிவாகத் தெரிகின்றது. 'சிறு கலைகள்' என்று பின்னர் தலைப்பிடப்பட்ட அவ்வுரையின் பொருள், வீட்டையும் வீட்டுப் பொருளையும் அழகுசெய்யும் கலைகள். ஓவியமும் சிற்பமும் 'பெருங்கலைகள்' என உயர, தச்சும் நெசவும் மட்பாண்டமும் 'சிறு கலைகள்' எனத் தாழ்ந்தமை வரலாற்றில் நிகழ்ந்த ஒரு பிரிவு என்றும், இப்பிரிவினால் இருபாலும் கெட்டன என்றும் அவர் வாதிட்டார். சிலருக்கு மட்டும் உரிய கல்வியும் சிலருக்கு மட்டும் உரிய சுதந்திரமும் தமக்கு வேண்டாதவை போலவே, சிலருக்கு மட்டும் உரிய கலையும் வேண்டாம் என்பது அவ்வுரையின் சாரம். 1880இல் பேர்மிங்ஹாம் நகரில், பயனுள்ளதென அறியாத, அழகானதென நம்பாத எதனையும் வீட்டில் வைத்திராதீர்கள் என்று அவர் கூறிய அறிவுரை பின்னர் தளபாட வியாபாரிகளின் விளம்பர வாசகமாகிவிட்டது. அச்சொற்பொழிவின் மற்றைய பக்கங்களை அவ்வியாபாரிகள் படித்திருக்க மாட்டார்கள். 1879இல் நிகழ்த்திய இன்னோர் உரையில், பிரித்தானிய ஆட்சியும் வணிகமும் இந்தியக் கைவினைகளை அழித்து வருவதைக் கண்டித்தார். சீத்தைக்கும் அவுரிக்கும் இந்தியக் கைவினைஞருக்குத் தாம் பட்ட கடனை அவர் மறக்கவில்லை.

ஆயினும் கடை நடந்துகொண்டிருந்தது. அங்கு வாங்க வந்தோர் யார்? இரும்பாலை அதிபர் லோதியன் பெல்லின் மாளிகையை அலங்கரித்துக்கொண்டிருந்த மொறிஸ் ஒருநாள் ஆத்திரத்துடன் அறைக்குள் உலாவினார் என்றும், என்ன நேர்ந்ததென்று கேட்டதற்கு, செல்வர்களின் பன்றித்தனமான சுகபோகத்துக்கு ஊழியம் செய்து தம் வாழ்நாள் கழிவதாகச் சீறினார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. இதைவிடக் கூர்மையான முரண்பாடு பின்னர் வந்தது. 1890களின் முற்பகுதியில் மேர்ட்டன் அபியிலிருந்த அவரது நெசவுச்சாலை பெரிய சித்திரத் திரைத் தொகுதியொன்றை நெய்தது; 'புனிதக் கிண்ணத் தேட்டம்' என்பது அதன் பொருள். அதனைத் தம் ஸ்ரான்மோர் மாளிகைக்கென நெய்வித்தவர் வில்லியம் நொக்ஸ் டார்சி. அவுஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்திற் பெருஞ்செல்வம் திரட்டியவர். 1901இற் பாரசீகத்தின் எண்ணெய் உரிமையைப் பெற்று ஏகாதிபத்திய வரலாற்றில் இடம்பிடித்தவர். தனியுடைமை அற்ற இங்கிலாந்தைப் பற்றிய நாவலை எழுதி முடித்த கை, அடுத்த ஆண்டுகளில் டார்சியின் உணவறைச் சுவரைப் போர்த்தது.

இதனை வேஷம் என்று கூறித் தீர்த்துவிடுவது சுலபம். 1884இலேயே இக்குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு சோஷலிசவாதி எவ்வாறு முதலாளியாக இருக்கலாம் என்று கேட்டனர். மொறிஸ் தம் வருமானத்தையும் தொழிலாளரின் கூலியையும் கணக்கிட்டு ஜோர்ஜியானா பேர்ண்-ஜோன்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தம் இலாபத்தைப் பகிர்ந்தளித்தால் ஒருசில தொழிலாளர் சற்று வசதியடைவர். ஒரு வர்க்கத்தின் நிலை மாறாது என்பது அவர் முடிவு. சரியான முடிவுதான், வசதியான முடிவுங்கூட. என் கருத்தில் இங்கு முக்கியமானது வேறொன்று. நல்ல பொருளை நல்ல முறையிற் செய்தால் அதன் விலை உழைக்கும் மக்களுக்கு எட்டாது; விலையைக் குறைத்தால் செய்பவனின் உழைப்பை மலிவாக்க வேண்டும். இவ்வுண்மையை மொறிஸ் எந்த நூலிலும் படிக்கவில்லை. தம் கொம்பனியின் கணக்குப் புத்தகத்திற் படித்தார். 1883 ஜனவரியில் அவர் ஜனநாயக சம்மேளனத்திற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அவரது புகழ்பெற்ற 'ஸ்ரோபெரித் திருடன்' என்னும் சீத்தையும் வெளிவந்தது. துணி முழுவதையும் அவுரியில் தோய்த்து, வேண்டிய இடங்களில் வெளுத்து, பின்னர் சிவப்பையும் மஞ்சளையும் அச்சுக் கட்டைகளால் ஏற்றும் அந்தச் செய்முறை நாட்கணக்கிற் செல்வது. கொம்பனியின் அச்சுத் துணிகளுள் விலை மிகுந்ததும் அதுவே. சீர்திருத்தத்தால் இம்முடிச்சை அவிழ்க்க முடியாது என்பதற்கு அந்தச் சீத்தையைவிட நல்ல சான்று அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஹமர்ஸ்மித்தில் தேம்ஸ் நதிக்கரையில் அவர் வாழ்ந்த கெல்ம்ஸ்கொற் இல்லத்துக்கு ஒரு வண்டிக் கொட்டகை இருந்தது. அதில் முதலில் கம்பளத் தறிகள் நின்றன. 1881இல் தறிகள் மேர்ட்டன் அபிக்குப் போயின. பின்னர் அக்கொட்டகை சோஷலிசக் கூட்ட மண்டபமாயிற்று. பேர்னார்ட் ஷோவும் குறொபொட்கினும் அங்கு பேசினர். தறி நின்ற இடத்தில் வாங்குகள் போடப்பட்டன. எங்கெல்ஸ் 1886இல் மொறிஸை உணர்ச்சிவயப்பட்ட சோஷலிசவாதி என்று தம் கடிதங்களில் எள்ளியிருக்கின்றார். வாரந்தோறும் தெருமுனைகளில் நின்று பேசி, 'கொமன்வீல்' பத்திரிகையை நடத்தி, அதன் நட்டத்தைத் தம் பணத்தால் ஈடுசெய்து, 1887 நவம்பர் 13ஆந் திகதி ட்ரஃபல்கார் சதுக்கத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் நடந்த ஒருவருக்கு இது நீதியான மதிப்பீடன்று.

'எங்குமில்லா ஊரிலிருந்து செய்திகள்' 1890இல் அப்பத்திரிகையிலே தொடராக வந்தது. அமெரிக்கரான பெல்லமி 1888இல் வெளியிட்ட கற்பனாபுரி நாவலுக்கு அது மறுப்பு. பெல்லமியின் எதிர்கால நகரில் உற்பத்தியும் விநியோகமும் ஒழுங்காக நடைபெறுகின்றன. மனிதர் வேலையை இயன்றவரை விரைவில் முடித்து நாற்பத்தைந்து வயதில் ஓய்வு பெறுகின்றனர். மொறிஸின் மக்களுக்கு வேலையே இன்பம். இவ்வேறுபாட்டை அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். நாவலின் அமைப்பு எவ்வாறு ஒரு வீட்டலங்காரக் கலைஞனின் அமைப்பாக உள்ளது என்பது அத்துணை கவனிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. பயணி ஹமர்ஸ்மித்திற் கண்விழித்து, நதிவழியே மேலே சென்று, கெல்ம்ஸ்கொற் கிராமத்தின் பழைய வீட்டை அடைகின்றான். தொடக்கமும் முடிவும் மொறிஸ் வாழ்ந்த இரு வீடுகள். நகரத்தில் மக்களின் உடையிலும் பாத்திரத்திலும் சுவரிலும் அலங்காரம் நிறைந்து கிடக்கின்றது. நதியில் மேலே செல்லச் செல்ல அது குறைகின்றது. இறுதியில் அடையும் வீட்டின் அறைகளில் தளபாடம் மிகச் சொற்பம். அவ்வீடே அலங்காரமாகப் போதும் என்ற உணர்வு அங்கு நிலவுகின்றது. ஓரறையின் சுவரில் மட்டும் நிறம் மங்கிய பழைய சித்திரத் திரை தொங்குகின்றது. எப்பிங் காட்டு மாளிகையிற் சிறுவன் கண்ட அதே திரை! பொருள் சேர்க்கும் ஆசையாகத் தொடங்கிய ஈடுபாடு, பொருள் தேவைப்படாத ஓர் அறையில் வந்து முடிகின்றது. 'மண்ணுலகச் சொர்க்க'த்தில் நிகழ்காலத்தை மறப்பதற்குப் பயன்பட்ட திரை, இங்கு நிகழ்காலத்தை அளக்கும் கோலாகின்றது. பயணி அவ்வீட்டில் தங்க முடியாது. அவன் உருவம் மங்கி மற்றவர் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. சுவர் இருக்கிறது, அதனுள் வாழும் உரிமை அவனுக்கு இன்னும் இல்லை.

நாவலின் மிக நீண்ட அத்தியாயம் எவ்வித அலங்காரமும் அற்றது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். மாற்றம் எவ்வாறு வந்தது என்பதை முதியவர் ஹமண்ட் விளக்கும் அப்பகுதியில் வேலைநிறுத்தமும் சதுக்கத்திற் படுகொலையும் உள்நாட்டுப் போரும் வறண்ட, விரைவான உரைநடையிற் கூறப்படுகின்றன. அழகான வீடு எதன்மீது எழுந்தது என்பதை மறைக்க மொறிஸ் விரும்பவில்லை. றேமன்ட் வில்லியம்ஸ் 1958இல், மொறிஸின் கற்பனைக் கதைகளை இழந்தாலும் சொற்பொழிவுகளை இழக்கலாகாது என்ற கருத்தை வெளியிட்டார். சொற்பொழிவுகளைப் பற்றிய அவர் மதிப்பு சரியானதே. நாவலைப் பற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. சொற்பொழிவுகள் வாதிப்பதை நாவல் ஓர் அறையாகக் கட்டி, வாசகனை அதில் நுழையவிட்டு, பின் வெளியேற்றுகின்றது. அவ்வெளியேற்றத்தின் வலியைச் சொற்பொழிவாற் தர முடியாது.

பெரிய குறை வேறிடத்தில் உண்டு. புதிய சமுதாயத்தின் விருந்தில்லத்தில் உணவு பரிமாறுவோர் பெண்களே. இதுபற்றி வினவும் பயணிக்கு, வீட்டைத் திறம்பட நடத்துவது பெண்ணுக்கு மகிழ்ச்சி தரும் கலை என்று ஹமண்ட் விடை கூறுகின்றார். எல்லா உற்பத்தி உறவுகளும் மாறிய பின்னும் வீட்டின் உள்ளே வேலைப் பிரிவினை மாறவில்லை. வீட்டை ஓர் அழகிய பொருளாகக் கண்டவருக்கு, அது ஓர் உழைப்புத்தலமாக முழுமையாகப் புலப்படவில்லை. அவரைச் சூழ இருந்த பெண்களோ அவ்வுழைப்பைச் செய்துகொண்டிருந்தனர். ஜேனும் அவர் தங்கை பெஸியும் கொம்பனிக்குத் தைத்தனர். இளைய மகள் மே 1885இல், 23 வயதில், பூத்தையற் பிரிவின் முழுப்பொறுப்பையும் ஏற்றார். அவர் வரைந்த வடிவங்களுள் சில நெடுங்காலம் தந்தையுடையனவாகவே கருதப்பட்டன. 1907இல் பெண்களுக்கான கலைச் சங்கமொன்றை நிறுவுவதில் முன்னின்றவரும், தந்தையின் நூல்களை 1910 முதல் 1915 வரை 24 தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் அவரே. நாவலில் வரும் எலன் என்னும் பெண் மட்டும் பரிமாறும் கையாக நில்லாது, பழையதைக் கற்க வேண்டும் என்று வாதிடும் மனமாக நிற்கின்றாள். அவளிடம் மேயின் சாயல் உண்டோ என்பது ஊகத்துக்குரியது.

இனி நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி. மொறிஸ் இறந்த ஆண்டில், 1896இல், அவரது கெல்ம்ஸ்கொற் அச்சகம் சோசரின் நூல்களை அச்சிட்டு முடித்தது. பின்னர் அவ்வச்சகத்தின் இயந்திரங்கள் ஆஷ்பீ என்பாரின் கைக்கு மாறின. கொழும்பில் 1877இற் பிறந்தவரும் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனுமான கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிப்பொருள் ஆய்வை நடத்தியபின் இங்கிலாந்து சென்று, ஆஷ்பீ புதுக்கிக் கொடுத்த பழைய கட்டடமொன்றிற் குடியேறினார். அங்கு 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் தம் பெருநூலை 425 பிரதிகளாக 1908இல் அச்சிட்டு முடித்தார். சோசர் நூல் அச்சிடப்பட்ட அதே கையச்சு இயந்திரமே அதற்குப் பயன்பட்டது. கண்டிய ஓவியரும் கொல்லரும் நெசவாளரும் பாய் பின்னுவோரும் அந்நூலில் மொறிஸ் கற்பித்த கண்ணாற் பார்க்கப்படுகின்றனர். 'சிறு கலை' என்ற இழிவு அங்கு இல்லை. குடியேற்ற ஆட்சி அக்கைவினைஞரின் வாழ்வை எவ்வாறு குலைத்தது என்பதும் வேதனையுடன் கூறப்படுகின்றது.

ஆனால் இயந்திரத்தோடு மொறிஸ் முழுவதும் வந்து சேரவில்லை. இராசகாரிய முறையின் கீழும் விகாரைகளின் சேவை நில முறையின் கீழும் உழைத்த கைவினைஞனின் வாழ்வில், அவ்வுறவின் கட்டாயத்தன்மையைவிட அதன் ஒழுங்கும் பாதுகாப்புமே குமாரசுவாமிக்கு மேலோங்கித் தெரிகின்றன. சாதியடிப்படையிலான தொழிற்பிரிவு ஏறக்குறைய ஒரு கைவினைச் சங்கத்தின் மதிப்பைப் பெறுகின்றது. மொறிஸும் மத்திய காலத்தை நேசித்தவரே. ஆனால் அக்காலத்தைப் பற்றி அவர் எழுதிய 'ஜோன் போலின் கனவு' 1381இல் எழுந்த உழவர் கிளர்ச்சியின் கதை. குமாரசுவாமியின் மத்திய காலத்தில் ஜோன் போல் இல்லை. அவர் மொறிஸிடமிருந்து எதனை ஏற்றார், எதனை விடுத்தார், விடுத்தமைக்கு அக்கால இலங்கையின் மேல்தட்டுச் சீர்திருத்த இயக்கம் எவ்வளவு காரணம் என்பன இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் வெளியீடுகளோடு வைத்துத் தனியே ஆராயப்பட வேண்டியவை.